ஊர் சேர்ந்தது, கேள்வி கேட்கும் இடம் எங்கே?



திருவான்மியூர் தாண்டி கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரையில் குடியிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். 2011 வரை இவை தனித்தனி ஊராட்சிகள். அந்த ஆண்டு 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகளைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். 174 சதுர கி.மீ. பரப்பு 426 ஆனது. வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின.

சேர்த்தது தவறு என்று சொல்ல மாட்டேன். மழைவெள்ளத்துக்கு ஊர் எல்லை தெரியாது. வடிகால் ஒரே நிர்வாகத்தில் இருப்பது நல்லதுதான். ஆனால் ஊராட்சியாக இருந்தபோது ஆண்டுக்கு 4 முறை கிராம சபை உண்டு. எந்த வாக்காளரும் எழுந்து வரவு செலவு கேட்கலாம். மாநகராட்சி ஆனதும் அது போயிற்று. 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை கவுன்சிலர்கூடக் கிடையாது.

2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் பகுதி சபை வந்திருக்கிறது. உங்களில் எத்தனை பேர் போனீர்கள்? நாள் தெரியவில்லை என்றால் கவுன்சிலரிடம் கேளுங்கள். நகரத்தோடு சேரப் பயப்படும் ஊர்க்காரர்கள் நம்மைத்தான் பார்க்கிறார்கள். எல்லை பெரிதாகலாம், கேள்வி கேட்கும் உரிமை சிறிதாகக் கூடாது.

போய் வந்தவர்கள் கீழே எழுதுங்கள்.