வெந்நீர்க் கருவி: பெயரைப் பார்ப்பதா, தகட்டைப் பார்ப்பதா?

மார்கழிக் குளிர் தொடங்கிவிட்டால் மின்சாதனக் கடைகளில் வெந்நீர்க் கருவிகளுக்குத் தனி மவுசு வந்துவிடுகிறது. கீசர் என்றும் ஹீட்டர் என்றும் நாம் சொல்கிறோமே, அவைதாம். கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி வேணும்?" என்பது. வாங்க வந்தவர்களிடமும் பதில் தயாராக இருக்கும். "எங்க மாமா வீட்ல இந்தக் கம்பெனிதான். பத்து வருஷமா ஓடுது!" என்பார்கள். பிறகு விலை பேசப்படும்; பெட்டி வண்டியில் ஏறும்.

இளம் நண்பர்களே, கம்பெனியின் பெயர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அன்று; கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி என்பதே என் கருத்து. அதற்கு முன் கேட்க வேண்டியவை நான்கு இருக்கின்றன. அவற்றுக்கு விடை காண உங்கள் பள்ளிப் பாடத்தில் உள்ள இயற்பியலும் வேதியியலுமே போதும். ஆகவே உங்கள் வீட்டில் இக்கருவி வாங்கும் பேச்சு எழுந்தால், நீங்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

முதலில் மாமாவின் சான்றை எடுத்துக் கொள்வோம். அவர் சொல்வது பொய்யன்று. ஆனால் ஒரே ஒரு கருவியைக் கொண்டு ஆயிரக்கணக்கான கருவிகளைப் பற்றி முடிவு கட்டலாமா? அதே கம்பெனியின் கருவி மூன்றாம் ஆண்டிலேயே ஓட்டையாகிப் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கலாம். அதைப் பற்றி எவரும் நம்மிடம் வந்து சொல்வதில்லை. தவிர, பத்து ஆண்டுகளுக்கு முன் விற்ற மாதிரி வேறு. இன்று விற்கும் மாதிரி வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, மாமா வீட்டுத் தண்ணீர் வேறு, உங்கள் வீட்டுத் தண்ணீர் வேறு!

கீசர் என்ற பெயரின் கதையே நமக்கு ஒரு பாடம். 1868ஆம் ஆண்டு லண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன் என்பவர், எரிவாயுவால் நீரைச் சூடாக்கும் கருவி ஒன்றை அமைத்தார். ஐஸ்லாந்து நாட்டில் கெய்சிர் என்றொரு வெந்நீர் ஊற்று உண்டு. அந்தப் பெயரையே தம் கருவிக்கு இட்டார். பெயர் உலகெங்கும் பரவிவிட்டது. ஆனால் அந்தக் கருவியில் எரிந்த வாயுவை வெளியேற்றும் புகைபோக்கி இல்லை! நல்ல பெயர் இருந்தது, பாதுகாப்பு இல்லை.

முதற் கேள்வி: உங்கள் தண்ணீர் எத்தகையது?

கோயம்புத்தூரில் சிறுவாணிக் குழாய் நீர் மென்னீர். அதே ஊரில் ஆழ்துளைக் கிணற்று நீரோ பல இடங்களில் கடின நீர். ஒரே கம்பெனியின் ஒரே மாதிரிக் கருவியை இந்த இரண்டு நீரிலும் மாட்டினால் அவை ஒரே காலம் உழைக்குமா? உழைக்காது.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. கடின நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. சூடாக்கினால் அது சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகக் காண்கிறோமே, அந்த உப்புதான் அது. கருவிக்குள் மிகுந்த சூடுள்ள இடம் எது? சூடேற்றும் கம்பிக் குழல். எனவே உப்பு அதன்மேல்தான் முதலில் ஒட்டுகிறது.

இந்தப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. குழலில் பிறக்கும் வெப்பம் நீருக்குப் போக வழியின்றிக் குழலிலேயே தங்குகிறது. குழல் அளவுக்கு மீறிச் சூடாகி ஒருநாள் வெடிப்பு விடுகிறது. குழலின் உள்ளே மின்சாரம் பாயும் நிக்ரோம் சுருள் இருக்கிறது. அதைச் சுற்றி மின்காப்புக்காக மக்னீசியம் ஆக்சைடு தூள் அடைக்கப்பட்டிருக்கிறது. வெடிப்பு வழியே நீர் உள்ளே நுழைந்தால் மின்சாரம் நீருக்குள் கசியலாம். குளிப்பவர் உயிருக்கே ஆபத்தான நிலை இது.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராம் வரை பொறுத்துக் கொள்ளலாம். உங்கள் வீட்டு நீரை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். அதற்கு முன் நீங்களே ஓர் எளிய சோதனை செய்து பாருங்கள். ஒரே அளவான இரண்டு சீசாக்களில் ஒன்றில் மழைநீரையும் மற்றொன்றில் குழாய் நீரையும் பாதியளவு ஊற்றுங்கள். சோப்புக் கரைசலை இரண்டிலும் பத்துப் பத்துச் சொட்டு விட்டுக் குலுக்குங்கள். குளியல் சோப்பைக் கரைத்தே பயன்படுத்த வேண்டும். சலவைத் தூள் கூடாது. குழாய் நீரில் நுரை குறைந்து திரிதிரியாக வெள்ளை படிந்தால், உங்கள் வீட்டில் உள்ளது கடின நீர்.

இரண்டாம் கேள்வி: தொட்டி எதனால் ஆனது?

வெளியே பளபளக்கும் உறை நீரைத் தாங்குவதில்லை. தாங்குவது உள்ளே இருக்கும் தொட்டி. சில கருவிகளில் எஃகுத் தொட்டியின் உட்புறம் கண்ணாடிப் பூச்சு இடப்பட்டிருக்கும். சிலவற்றில் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி இருக்கும். இரண்டிலும் குறை உண்டு. கண்ணாடிப் பூச்சில் நுண்ணிய விரிசல் விழுந்தால் அடியிலுள்ள எஃகு துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் இருந்தாலும், குளோரைடு மிகுந்த உப்பு நீரில் அதிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு ஏற்படலாம். கடற்கரை ஊர் நண்பர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

எஃகைக் காக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. தொட்டிக்குள் ஒரு மக்னீசியத் தண்டைப் பொருத்துகிறார்கள். கடைகளில் இதை ஆனோட் ராடு என்பார்கள். இரும்பைக் காட்டிலும் மக்னீசியம் எளிதில் எலெக்ட்ரான்களை இழக்கும். எனவே அரிப்பு மக்னீசியத்தைத் தாக்குகிறது, எஃகு தப்புகிறது. 1824ஆம் ஆண்டு சர் ஹம்ஃப்ரி டேவி, கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்கத் துத்தநாகத்தையும் இரும்பையும் பயன்படுத்திக் காட்டிய அதே தத்துவம்தான் இது.

ஆனால் தண்டு கரைந்து தீர்ந்தபின் தொட்டிக்குக் காவல் இல்லை. கடின நீரும் உப்பு நீரும் உள்ள இடத்தில் ஆண்டுக்கு ஒருமுறை கருவியைத் திறந்து உப்பை அகற்ற வேண்டும். தண்டையும் பார்க்க வேண்டும். எத்தனை வீடுகளில் இது நடக்கிறது? தண்டு தீர்ந்து தொட்டி ஓட்டையானதும், "இந்தக் கம்பெனி சரியில்லை" என்று சொல்லிவிடுகிறோம்!

மூன்றாம் கேள்வி: காவலர்கள் இருக்கிறார்களா?

15 லிட்டர் நீரை 25 டிகிரி செல்சியசிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறக்குறைய 200 மில்லிலிட்டர், அதாவது ஒரு தம்ளர் அளவு விரிகிறது. மூடிய தொட்டியில் அந்த ஒரு தம்ளர் நீர் எங்கே போகும்? அழுத்தம் ஏறும். அதை வெளியேற்ற ஒரு வால்வு இருக்கிறது. சூடேறும்போது அதில் நீர் சொட்டினால் அது பழுது என்று எண்ணி அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. அடைப்பது பேராபத்து.

நீர் வேண்டிய சூட்டை அடைந்ததும் மின்சாரத்தை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அது பழுதானால் தடுத்து நிறுத்தத் தெர்மல் கட்-அவுட் என்ற இரண்டாவது காவலர் இருக்கிறார். இவர்கள் இருவரும் கைவிட்டு, வால்வும் அடைந்திருந்தால், நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அழுத்தத்தில் கிடக்கும். தொட்டி பிளந்தவுடன் அதில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேலாக விரியும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் நாம் கடையில் திறந்து பார்க்க முடியாது. நமக்காக அதைச் செய்வதற்கே ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது. சேமிப்பு வகை மின் வெந்நீர்க் கருவிகளுக்கான இந்தியத் தர நிர்ணயத்தின் எண் 2082. முத்திரையின் மேலே இந்த எண்ணும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். உரிம எண் இல்லாத முத்திரையை நம்பலாகாது. அந்த எண் மெய்யானதா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கைப்பேசிச் செயலியிலேயே சரிபார்க்கலாம்.

தகட்டில் அழுத்த அளவையும் பாருங்கள். 10 மீட்டர் உயரத்து நீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தருகிறது. இரண்டு மாடி வீட்டுக்குப் போதுமான கருவி, இருபது மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குப் போதாமற் போகலாம். அங்கே 6 பார் வரை அழுத்தம் இருக்கக் கூடும்.

இனி, எந்தக் கம்பெனியாலும் பெட்டியில் வைத்துத் தர முடியாத காவலர் ஒருவர் உண்டு. அவர்தான் உங்கள் வீட்டு எர்த் இணைப்பு. 2,000 வாட் கருவி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் எடுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் அதை மாட்டக் கூடாது. எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக் வேண்டும். கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனமும் வீட்டில் இருப்பது நல்லது. எரிவாயுக் கருவி என்றால் காற்றோட்டம் கட்டாயம். மூடிய குளியலறையில் அது உண்டாக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அது ஹீமோகுளோபினைப் பிடித்துக் கொள்கிறது.

நான்காம் கேள்வி: எவ்வளவு வேண்டும்?

15 லிட்டர் நீர் 35 டிகிரி சூடேற ஏறத்தாழ 2,200 கிலோஜூல் வேண்டும். அதாவது 0.6 யூனிட் மின்சாரம். 2,000 வாட் கருவிக்கு இது 18 நிமிட வேலை. அந்த 60 டிகிரி நீருடன் 25 டிகிரியில் உள்ள 20 லிட்டர் தண்ணீரைக் கலந்தால், 40 டிகிரியில் 35 லிட்டர் வெந்நீர் கிடைக்கும். இருவர் வாளியில் மொண்டு குளிக்கப் போதும். கணக்கைப் போட்டுப் பார்த்தால், வேண்டாத பெரிய கருவியை எவரும் நம் தலையில் கட்ட முடியாது.

நட்சத்திரக் குறி எதைச் சொல்கிறது? நீர் சும்மா இருக்கும்போது ஒருநாளில் எவ்வளவு வெப்பம் வீணாகிறது என்பதைச் சொல்கிறது. நாள் முழுதும் இணைப்பிலேயே விட்டிருக்கும் வீட்டில் இதனால் பெரிய வேறுபாடு உண்டு. ஒருநாளைக்கு 0.3 யூனிட் மிச்சமானால் ஆண்டுக்கு ஏறத்தாழ 110 யூனிட் மிச்சம். காலையில் இருபது நிமிடம் மட்டும் போட்டு நிறுத்தும் வீட்டிலோ வேறுபாடு குறைவே. கூடுதல் நட்சத்திரத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன் உங்கள் வீட்டு வழக்கத்தைப் பாருங்கள்.

அப்படியானால் பெயருக்கு மதிப்பே இல்லையா?

உங்கள் அப்பா இப்படிக் கேட்கக் கூடும்: "பல வருஷம் உழைச்சுச் சம்பாதிச்ச பெயரை நம்பக் கூடாதா?" நியாயமான கேள்விதான். பெயருக்கு மதிப்பு உண்டு. ஆனால் நட்சத்திரம் கம்பெனிக்குத் தரப்படுவதில்லை; ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியே தரப்படுகிறது. ஒரே பெயரில் நல்ல காப்புள்ள மாதிரியும் வரலாம். சுமாரான மாதிரியும் வரலாம். பெயர் ஒன்றுதான், பொருள் பல.

நான்கு கேள்விகளுக்கும் இரண்டு மூன்று கருவிகள் தேறிவிட்டன என்றால், அப்போது பெயரைப் பாருங்கள். அந்தக் கம்பெனியின் பழுது பார்க்கும் நிலையம் உங்கள் ஊரில் இருக்கிறதா? மக்னீசியத் தண்டும் தெர்மோஸ்டாட்டும் தனியே கிடைக்குமா? உத்தரவாதச் சீட்டில் பெரிய எழுத்தில் உள்ள ஆண்டுக் கணக்கு பெரும்பாலும் தொட்டிக்கு மட்டுமே இருக்கும். சூடேற்றும் குழலுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் அது குறைவாக இருக்கலாம். கடின நீர் பற்றிய நிபந்தனை சிறிய எழுத்தில் இருக்கும். அதையும் படியுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கம்பெனி கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

விளம்பரம் பெயரை நம் காதில் ஓதிக்கொண்டே இருக்கும். கருவியின் தகடோ வாய் திறவாது. நாமாகப் போய்ப் படிக்க வேண்டும். புதிதாக வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு கருவி இருந்தால், அணைத்துவிட்டு அதன் தகட்டை இன்றே படியுங்கள். மக்னீசியத் தண்டைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள், எர்த் இணைப்பை எப்போது சோதித்தார்கள் என்று வீட்டில் கேளுங்கள். பெரியவர்களுக்கு விடை தெரியவில்லை என்றால், எலக்ட்ரீசியனை அழைக்கச் சொல்லுங்கள்.