ஹெட்லைட் வெளிச்சம் பத்தலையா? எல்.இ.டி பல்பு ஆர்டர் போடும் முன் இதைப் படிச்சிடுங்க!

உங்க கார் ஹெட்லைட் மஞ்சளா, மங்கலா எரியுது. எதிரே வர்ற வண்டியோ வெள்ளைவெளேர்னு பாய்ஞ்சு வருது. 'நாமளும் மாத்திட்டா என்ன?' என்று மொபைலை எடுத்துத் தேடினால், '20,000 லூமென்ஸ், 6,000 கெல்வின், பத்தே நிமிஷத்துல நீங்களே மாட்டலாம்' என்று விளம்பரங்கள் வரிசைகட்டும். விலையும் ரெண்டாயிரத்துக்குள்ள. விரல் 'பை நவ்' பட்டனுக்குப் போகும்தானே? கொஞ்சம் வெயிட் பண்ணுங்க.

இந்த வெள்ளை வெளிச்சம் இப்போ போலீஸ் வரைக்கும் போன விவகாரம். 2024 ஜூலையில், கண்ணைக் கூச வைக்கும் எல்.இ.டி ஹெட்லைட்டுகளுக்கு எதிராக கர்நாடக போலீஸ் மாநிலம் முழுக்க ஸ்பெஷல் டிரைவ் நடத்தி வழக்குகள் போட்டது. நம்ம ஊர் நிலைமையும் வேற இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடுதான்: 64,105 விபத்துகள். நாடு முழுக்கப் பார்த்தால் அதிக விபத்துகள் நடப்பது மாலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள். எல்லாத்துக்கும் ஹெட்லைட்தான் காரணம்னு சொல்லிட முடியாது. டிராஃபிக், களைப்பு, குடி என்று எல்லாமே சேர்ந்த நேரம் அது. ஆனா, இருட்டும் அந்த நேரத்துலதான் தொடங்குது.

அதுக்காக, 'வெளிச்சம் பத்தலை'ன்னு நீங்க சொல்றது தப்பே இல்லை. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 80 கி.மீ வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கும். குறுக்கே ஏதோ நிற்பதைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி. அதிலேயே 33 மீட்டர் காலி. காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஒரு 35 மீட்டர். ஆகமொத்தம் கிட்டத்தட்ட 70 மீட்டர். ஆனா, சாதாரண ஹாலோஜன் லோ பீமில், கறுப்புச் சட்டையோடு ரோட்டைக் கடக்கும் ஒருத்தரை 50 மீட்டரில் கண்டுபிடிப்பதே கஷ்டம். அதனால நல்ல வெளிச்சம் வேணும்னு நினைக்கிறது ஆடம்பரம் இல்லைங்க. எங்கிருந்து அதைக் கொண்டுவர்றீங்க என்பதில்தான் விஷயமே இருக்கு.

பல்பு மட்டும் ஹெட்லைட் இல்லை

ஆல்ட்டோ, வேகன்-ஆர் மாதிரி நிறைய கார்களில் இருக்கிறது ஹெச்4 வகை ஹாலோஜன் பல்பு. ஒரே கண்ணாடிக் குப்பிக்குள்ள ரெண்டு ஃபிலமென்ட். ஹை பீமுக்கு 60 வாட்ஸ், லோ பீமுக்கு 55 வாட்ஸ். லோ பீம் ஃபிலமென்ட்டை உத்துப் பார்த்தீங்கன்னா, அதுக்கு அடியில் குட்டியா ஒரு உலோகக் கிண்ணம் இருக்கும். கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தைத் தடுப்பதுதான் அதன் வேலை. அந்த வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டால், திரும்பி மேல்நோக்கிப் போகும். மேல்நோக்கின்னா எங்கே? எதிரே வர்றவர் கண்ணுக்கு! அதைத்தான் அந்தக் கிண்ணம் மறிக்குது.

அதாவது, பல்பும் அதுக்குப் பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்ததுதான் ஹெட்லைட். ஃபிலமென்ட் மில்லிமீட்டர் சுத்தமா எந்த இடத்தில் இருக்கணும்னு கணக்குப் போட்டுத்தான் அந்த ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவையும் வடிவமைச்சிருக்காங்க. நாம இடதுபக்கம் ஓட்டுறதால, வெளிச்சம் இடதுபக்கம் கொஞ்சம் தூக்கலாகவும், எதிரே வண்டி வரும் வலதுபக்கம் தாழ்ந்தும் விழணும்கிறதும் அந்த டிசைனிலேயே இருக்கு.

இப்போ அந்த இடத்தில் எல்.இ.டி பல்பைச் செருகினால்? ஃபிலமென்ட் மெல்லிய சுருள். சுத்திலும் வெளிச்சம் தரும். எல்.இ.டி-யோ ஒரு தகட்டின் ரெண்டு பக்கமும் ஒட்டின சிப். தகட்டுக்குத் தடிமன் இருக்கு, சிப் இருக்கும் இடமும் கொஞ்சம் மாறும். ரிஃப்ளெக்டருக்கு இது எதுவும் தெரியாது. அது பாட்டுக்கு வெளிச்சத்தைக் கண்ட பக்கமும் வாரி இறைக்கும். பின்பக்கம் ஃபேனும் ஹீட் சிங்க்கும் நீட்டிக்கிட்டு இருப்பதால், ஹெட்லைட்டின் ரப்பர் மூடி சரியா உட்காராது என்பது இன்னொரு தலைவலி. ஒரு மழைக்காலம் தாண்டினால் உள்ளே ஈரம் கோத்து நிற்கும்.

'ஆனா, மாட்டினப்புறம் எனக்கு நல்லாத் தெரியுதே ப்ரோ!' என்பீங்க. தெரியும்தான். எங்கே தெரியுதுன்னு கவனிங்க. பம்பருக்கு முன்னால் இருக்கும் முதல் சில மீட்டர் ரோடு பளீர்னு இருக்கும். அந்தப் பளீருக்கு ஏத்த மாதிரி உங்க கண் தன்னைச் சுருக்கிக்கும். விளைவு, தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகிடும். பிரேக் பிடிக்க உங்களுக்கு வேண்டியது 70-வது மீட்டரில் வெளிச்சம். கிடைச்சது பத்தாவது மீட்டரில். 'நல்லாத் தெரியுது' என்கிற நம்பிக்கையில் வேகத்தைக் கூட்டுவீங்க பாருங்க, அதுதான் பயமா இருக்கு.

அந்த '20,000 லூமென்ஸ்' சமாசாரத்துக்கும் வருவோம். ஐ.நா-வின் வாகன விதிமுறையில் ஒரு ஹெச்4 பல்புக்கான அளவு, லோ பீமில் சுமார் 1,000 லூமென்ஸ், ஹை பீமில் 1,650. ஒரு ரோட்டுக்கு இருபது மடங்கு வெளிச்சம் எதுக்கு? அந்த அட்டைப்பெட்டி நம்பரை நம்பவும் வேண்டாம். ஒருவேளை உண்மையா இருந்தா, எதிரே வர்றவரை நினைச்சுப் பாருங்க.

எதிரே வர்றது யார்?

நாலுவழிச் சாலைகளில் நடுவே அரளிச்செடி வளர்க்கிறாங்களே, அது பூவுக்காக மட்டும் இல்லை. எதிர்த்திசை வெளிச்சத்தை மறைக்கவும்தான். ஊர்களுக்கு நடுவே போகும் ரெண்டுவழிச் சாலையில் அரளியும் கிடையாது, மீடியனும் கிடையாது. அங்கே உங்களுக்கு எதிரே வர்றது பெரும்பாலும் ஒரு டூ-வீலர். கீறல் விழுந்த ஹெல்மெட் வைசர், பின்னால் மனைவி, நடுவில் குழந்தை. உங்க வெளிச்சம் அந்தக் கீறல் ஒவ்வொண்ணிலும் பட்டுச் சிதறும். அவர் ரோட்டோரம் ஒதுங்குவார். ஓரத்தில் பள்ளமா, மணலா, கட்டிப்போட்ட மாடான்னு அவருக்குத் தெரியாது. நீங்க கடந்து போன பிறகும் சில நொடிகளுக்குப் பார்வை திரும்பாது. வயசானவரா இருந்தால் இன்னும் நேரமாகும். அவர் விழுந்தால்கூட உங்க ரியர்வியூ மிரரில் அது தெரியாமலே போகலாம்.

மோட்டார் வாகன விதிகளில் இதுக்குத் தனி விதியே இருக்கு. எட்டு மீட்டர் தொலைவில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்காதபடி ஹெட்லைட் கீழ்நோக்கி இருக்கணும். அந்தக் காலத்தில் ஹெட்லைட் நடுவில் போலீஸ்காரர்கள் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியது இதுக்காகத்தான். அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, ரெண்டுமேவோ விதிக்கலாம். சட்டம் கறாராத்தான் இருக்கு. கடைகளோ பல்பைத் தாராளமா விற்கின்றன. அட்டைப்பெட்டியின் மூலையில் 'ரோட்டில் பயன்படுத்த அல்ல' என்று எறும்பு சைஸில் அச்சடிச்சிருந்தால், அவங்க கடமை முடிஞ்சது. மாட்டுபவரை மட்டும் பிடிச்சுக்கிட்டு விற்பவரை விட்டால், இந்த டிரைவ் எல்லாம் ஒரு மாசத்துச் செய்திதான்.

'ஃபாரின்ல எல்லாம் அலவ்டாமே?' என்ற கேள்வியும் வரும். ஜெர்மனியில் 2020-ல் ஆஸ்ராம் நிறுவனத்தின் ஹெச்7 எல்.இ.டி பல்புக்கு அனுமதி கொடுத்தாங்க. ஆனா எப்படி? குறிப்பிட்ட கார் மாடலின் குறிப்பிட்ட ஹெட்லைட்டில் போட்டு டெஸ்ட் செய்து, பாஸானால் மட்டும் அந்த மாடலை லிஸ்ட்டில் சேர்த்தாங்க. எல்லா காருக்கும் ஒரே பல்பு என்ற கதையே அங்கே கிடையாது. கம்பெனியிலிருந்தே எல்.இ.டி-யோடு வரும் கார்களும் வேற கணக்கு. அதில் ரிஃப்ளெக்டரும் லென்ஸும் எல்.இ.டி-க்காகவே செஞ்சது.

அப்போ என்னதான் பண்றது?

முதல்ல பல்பை மறந்துட்டு, ஹெட்லைட்டின் வெளிமூடியைப் பாருங்க. கண்ணாடின்னு நினைக்கிறோம், பாலிகார்பனேட் பிளாஸ்டிக் அது. வெயிலில் நிறுத்தி நிறுத்தி மஞ்சள் பூத்துப்போகும். அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு 2018-ல் செய்த சோதனையில், இப்படி மங்கிப்போன ஹெட்லைட்டுகள் புதுசில் தந்த வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் தந்தன. இந்த மூடிக்குள்ள எந்த பல்பைப் போட்டு என்ன பிரயோஜனம்? உப்புத்தாள் தேய்ச்சு, பாலிஷ் போட்டு, மேலே யு.வி கோட்டிங் அடிக்கும் வேலையை டீடெய்லிங் கடைகளில் செய்து தர்றாங்க. கோட்டிங் இல்லாமல் பாலிஷ் மட்டும் போட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சள்தான், அதைக் கேட்டு வாங்குங்க. டூத்பேஸ்ட் வைத்தியம் வேண்டாம். அப்படியே விண்ட்ஷீல்டின் உள்பக்கத்தையும் துடைச்சிடுங்க. அங்கே படிந்திருக்கும் எண்ணெய்ப் படலம்தான் எதிர் வெளிச்சத்தைப் பாதி பூதாகரமாக்குது.

அடுத்தது, யாருமே பார்க்காத வோல்டேஜ். ஹாலோஜன் பல்புக்கு ஒரு குணம் உண்டு. வோல்டேஜ் 10 சதவிகிதம் குறைஞ்சால், வெளிச்சம் 10 சதவிகிதம் குறையாது. சுமார் 30 சதவிகிதம் குறையும்! இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் இருக்கும். பழைய கார்களில் அந்தக் கரன்ட் ஸ்டீயரிங் பக்கத்து ஸ்விட்ச் வரை போய், மெல்லிய வயரில் சுத்தி, துருப்பிடிச்ச எர்த்தைத் தாண்டி பல்புக்கு வரும்போது 12-க்குக் கீழே இறங்கிடும். தெரிஞ்ச எலெக்ட்ரீஷியனிடம் போய், இன்ஜினையும் லைட்டையும் ஆன் செய்துவிட்டு, மீட்டரைப் பேட்டரியில் ஒரு தடவை, பல்பு ஹோல்டரில் ஒரு தடவை வைக்கச் சொல்லுங்க. ஒரு வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் வந்தால், ரிலே வயரிங் கிட் போடலாம். பேட்டரியிலிருந்து நேரா தடிமனான வயரில் கரன்ட் வரும். பழைய ஸ்விட்ச் ரிலேயை மட்டும் இயக்கும். அதே 60/55 பல்பு புதுசு மாதிரி எரியும். கம்பெனி வயரை வெட்டாமல், கப்ளரில் செருகும் கிட்டாகப் பார்த்து வாங்குங்க. வாரன்ட்டியில் இருக்கும் காராக இருந்தால் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுச் செய்யுங்க. அப்புறம், 'ரிலே போட்டாச்சுல்ல, 100/90 வாட்ஸ் பல்பே போடலாமே' என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். வேண்டாம். ரோட்டுக்கு அனுமதியில்லாதது என்பது ஒருபக்கம். அந்தச் சூட்டில் ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் பூச்சு கருகும்.

லெவல் அடுத்தது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு குட்டிச் சக்கரம் நிறைய கார்களில் இருக்கும். பின்சீட்டில் மூணு பேர், டிக்கி நிறைய லக்கேஜ்னா காரின் மூக்கு தூக்கும், லைட்டும் தூக்கும். சக்கரத்தை 2-க்கோ 3-க்கோ திருப்பினால் வெளிச்சம் கீழே இறங்கும். ஆள் இறங்கினதும் மறக்காமல் 0-க்குக் கொண்டுவாங்க. செக் பண்ண ஒரு சுவர் போதும். சமதரையில் சுவருக்கு அஞ்சு மீட்டர் தள்ளி நிறுத்தி லோ பீம் போடுங்க. வெளிச்சத்தின் மேல்விளிம்பு, ஹெட்லைட் நடுப்புள்ளியின் உயரத்தைவிட சுமார் அஞ்சு சென்டிமீட்டர் கீழே இருக்கணும். ரெண்டு லைட்டும் வெவ்வேறு உயரத்தில் இருந்தால், மெக்கானிக் ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்வார்.

இவ்வளவும் முடிச்ச பிறகும் பத்தலைன்னா, இப்போ பல்பு மாத்துங்க. அதே வாட்ஸில், பிலிப்ஸ், ஆஸ்ராம் போன்ற நிறுவனங்கள் 'கூடுதல் வெளிச்ச' ஹாலோஜன் பல்புகள் விற்கின்றன. '+130%', '+150%' என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்காதீங்க. விதிமுறை சொல்லும் குறைந்தபட்ச அளவோடு, ரோட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒப்பிட்ட கணக்கு அது. ஆனாலும் தூரத்தில் வித்தியாசம் நிஜமாவே தெரியும். ஃபிலமென்ட்டைச் சின்னதாக்கி, அதிகச் சூட்டில் எரிய வைப்பதால் ஆயுசு குறைவு. தினமும் ராத்திரி ஓட்டுபவராக இருந்தால் அடிக்கடி மாத்த வேண்டிவரும், செலவுக் கணக்கில் அதையும் சேர்த்துக்கோங்க. நீலப் பூச்சு பூசின 'ஒயிட்' ஹாலோஜன் பக்கம் போகாதீங்க. அந்தப் பூச்சே கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னுடும். மழையில் நனைந்த தார் ரோட்டில் மஞ்சள் வெளிச்சமே பரவாயில்லைன்னு லாரி டிரைவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீங்க.

மாட்டும்போது பல்பின் கண்ணாடியைக் கையால் தொடாதீங்க. விரலில் இருக்கும் எண்ணெய் ஒட்டினால், அந்த இடம் மட்டும் அதிகமா சூடேறி சீக்கிரமே ஃப்யூஸ் போகும். டிஷ்யூவால் பிடிங்க. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாத்துங்க, மாத்தினதும் இன்னொரு தடவை அந்தச் சுவர் முன்னாடி நிறுத்திப் பாருங்க. கழட்டின பழைய பல்புகள் எரியும் நிலையில் இருந்தால் தூக்கிப் போடாமல், டிஷ்யூவில் சுற்றி க்ளோவ் பாக்ஸில் வைங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு பைபாஸில் ஒரு பக்க லைட் அணைஞ்சால், பக்கத்து ஊர்க் கடை திறக்கும் வரை அதுதான் ஓடும்.