எடுக்கத் தெரிந்த கை

1985-இல் ஹைதராபாத்தை அடுத்த பட்டன்செருவு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு கருத்தடை ஊசி முகாம் நடந்தது. மருந்து நெட்-என், அதாவது நாரெதிஸ்டிரோன் எனான்தேட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் 200 மில்லிகிராம் ஊசி. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நடத்திய சோதனையின் ஒரு பகுதி அது. ஊசிக்கு வந்திருந்த பெண்களுக்கு அது சோதனை என்பதே தெரியாது. ஸ்திரீ சக்தி சங்கடனா என்ற ஹைதராபாத் பெண்கள் அமைப்பினர் நேரில் போய்க் கேட்ட பிறகுதான் விவரம் வெளியே வந்தது. தெரிந்துகொண்டதும் பலர் விலகிக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டு அந்த அமைப்பும், டெல்லியின் சஹேலி, அகமதாபாத்தின் சிங்காரி ஆகியவையும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. வழக்கு பதினான்கு ஆண்டுகள் நடந்தது. நெட்-என் ஊசியைத் தேசியத் திட்டத்தில் பெருவாரியாகப் பயன்படுத்துவது உசிதமல்ல, ஆலோசனையும் தொடர் கண்காணிப்பும் உள்ள இடங்களில் மட்டுமே தரலாம் என்று அரசு சொன்னதன்பேரில் 2000-இல் முடிந்தது. ஸ்திரீ சக்தி சங்கடனாவில் இருந்தவர்களில் ஒருவரான வீணா சத்ருக்னா ஒரு மருத்துவர்; தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் பணியாற்றியவர். "மருத்துவம் தெரியாதவர்கள் கிளப்பிய வம்பு" என்று இந்தக் கதையை ஒதுக்கும் சக மருத்துவர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

இந்தப் பழங்கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. 2017-இல் 'அந்தரா' என்ற பெயரில் மூன்று மாத ஊசி அரசு மருத்துவமனைகளுக்கு வந்தது. 2023-இல் கையில் தோலுக்கடியில் வைக்கும் ஒற்றைக் கருத்தடைக் குச்சி தேசியக் குடும்பநலத் திட்டத்துக்குள் வந்தது. முதல் கட்டமாகச் சில மாநிலங்களில், மாநிலத்துக்கு இரண்டிரண்டு மாவட்டங்களில் தொடங்கினார்கள். கர்நாடகத்தில் அவை பெங்களூரும் பீதரும். பீதரிலிருந்து ஹைதராபாத்துக்குச் சில மணி நேரப் பயணம்தான். வேலை தேடி வருகிறவர்களுக்கு மாநில எல்லை ஒரு பொருட்டல்ல. அங்கே குச்சி வைத்துக்கொண்ட ஒரு பெண் நாளை ஹைதராபாத் பக்கம் சங்காரெட்டியிலோ மியாப்பூரிலோ உள்ள ஒரு மருத்துவரிடம் வந்து "இதை எடுத்துவிடுங்கள்" என்று கேட்பாள். அவளுக்கு நம்மிடம் பதில் இருக்கிறதா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

குச்சியைப் பற்றி முதலில் நேராகச் சொல்லிவிடலாம்: இது நல்ல கருத்தடை. நான்கு சென்டிமீட்டர் நீளம், இரண்டு மில்லிமீட்டர் தடிமன், உள்ளே 68 மில்லிகிராம் எடோனோஜெஸ்டிரெல். தொடக்க வாரங்களில் நாளொன்றுக்கு 60 முதல் 70 மைக்ரோகிராம் கசியும். மூன்றாம் ஆண்டு முடிவில் அது 25 முதல் 30 ஆகக் குறையும். கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கும், கருப்பை வாயின் சளியைக் கெட்டியாக்கும். ஆயிரம் பெண்கள் ஓராண்டு பயன்படுத்தினால் கருத்தரிப்பவர் ஒருவர் இருந்தாலே அதிகம். ஈஸ்ட்ரோஜன் இல்லாததால் பாலூட்டும் தாய்க்கும் தரலாம். எடுத்த ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் மருந்து தென்படாது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் கருமுட்டை மீண்டும் வெளிவரத் தொடங்கும். அந்தராவைப் போட்டுக்கொண்டவள் மறுநாள் மனம் மாறினாலும் மூன்று மாதம் பொறுத்தாக வேண்டும், குழந்தைப்பேறு திரும்ப இன்னும் சில மாதங்கள் பிடிக்கும். அந்த வகையில் குச்சியே மேல்.

தெலங்கானாவுக்கு இப்படி ஒன்று அவசரமாகவே தேவை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் மணமான பெண்களில் 61.9 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். தமிழ்நாட்டில் 57.8. நாடு முழுதும் 37.9. இருபதுகளிலேயே இரண்டு குழந்தை, உடனே ஆபரேஷன், அத்துடன் கருத்தடை என்ற பேச்சு முடிந்தது என்பதுதான் தென்னிந்தியாவின் வழக்கம். அதன் விலை என்ன என்பதை 2022 ஆகஸ்டில் ஹைதராபாத்துக்கு வெளியே இப்ராஹிம்பட்டணத்தில் பார்த்தோம். ஒரே நாளில் 34 பெண்களுக்கு லேப்ராஸ்கோப் வழியாக ஆபரேஷன் செய்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். பிலாஸ்பூர் ஆபரேஷன் முகாம் மரணங்களுக்குப் பிறகு, 2016-இல், இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்த முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் சொல்லியிருந்தும் நடந்தது இது.

ஆகவே குச்சி வேண்டாம் என்று சொல்ல இந்த இதழுக்கு எந்தக் காரணமும் இல்லை. கவலை வேறு இடத்தில் இருக்கிறது.

மாத்திரையைப் பெண் தானே நிறுத்தலாம். ஊசிக்கு அடுத்த தவணை போகாமல் இருந்துவிடலாம். குச்சியை மட்டும் அவளால் நிறுத்த முடியாது. அதற்கு நம் கை வேண்டும். காப்பர்-டிக்கும் ஒரு கை வேண்டும்தான், ஆனால் அதற்கு நூல் உண்டு, எந்த ஊர் பி.எச்.சி நர்ஸும் எடுத்துவிடுவார். குச்சிக்குக் கீறல் வேண்டும், மரப்பு ஊசி வேண்டும், எங்கே கீறுவது என்ற அறிவு வேண்டும். ஆக, எடுக்க மறுக்கும் மருத்துவரும், எடுக்கத் தெரியாத மருத்துவரும், "மூணு வருஷம் ஆகட்டும்மா, அரசாங்கக் காசு வீணாகுது" என்று திருப்பி அனுப்பும் மருத்துவரும் அந்தப் பெண்ணுக்கு ஒன்றேதான். மூவரும் அவள் சம்மதமில்லாமல் கருத்தடையை நீட்டிக்கிறார்கள்.

இது கற்பனைக் கவலையல்ல. முதல் குச்சியான நார்பிளான்ட் 1983-இல் பின்லாந்திலும் 1990-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. ஆறு சிலிகோன் குழல்கள். வைப்பது சுலபம், சுற்றிலும் நார்த்திசு கட்டிக்கொண்ட பின் ஆறையும் தேடி எடுப்பது பெரும்பாடு. வங்கதேசச் சோதனையில் எடுத்துவிடச் சொன்ன பெண்களைத் திருப்பி அனுப்பியதை அங்குள்ள பெண்கள் அமைப்புகள் பதிவு செய்தன. இந்தோனேசியாவில் லட்சக்கணக்கில் வைத்துவிட்டு, எடுக்கும் வசதியைப் பிறகு தேடினார்கள். 1991-இல் கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி தண்டனையின் நிபந்தனையாகவே நார்பிளான்ட் வைத்துக்கொள்ளச் சொன்னார். வழக்குகள் குவிந்து, 2002-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலகியது. மருந்து கெட்டதால் விழுந்த சாதனம் அல்ல அது. சுற்றி இருந்த மருத்துவ ஏற்பாடு அதைக் கவிழ்த்தது. நம் நாட்டிலும் நார்பிளான்ட் சோதனைகள் நடந்தன; பங்கெடுத்த பெண்களைக் கடைசிவரை பின்தொடர்ந்தார்களா என்று பெண்கள் அமைப்புகள் கேட்டது நினைவிருக்கும்.

இன்றைய ஒற்றைக் குச்சி எடுப்பதற்கு எளிது, சரியாக வைத்திருந்தால். எடுப்பதன் சிரமம் பெரும்பாலும் வைத்த நாளிலேயே முடிவாகிவிடுகிறது. பழைய வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்கள் பைசெப்ஸ்-டிரைசெப்ஸ் பள்ளத்திலேயே வைக்கிறார்கள். அங்கேதான் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. இப்போதைய விதி: அதிகம் புழங்காத கையின் உட்புறம், முழங்கை உள்முனை எலும்பிலிருந்து 8 முதல் 10 சென்டிமீட்டர் மேலே, அந்தப் பள்ளத்திலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் பின்னால், டிரைசெப்ஸ் மேல். தோலைக் கூடாரம்போல் தூக்கியபடி ஊசியைத் தோலுக்கு அடியிலேயே செலுத்த வேண்டும். ஒல்லியான பெண்ணிடம் கை நழுவித் தசைக்குள் போய்விடுவது வெகு சுலபம். வைத்ததும் நாம் தொட்டுப் பார்க்க வேண்டும், அவளையும் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறோம். குச்சி தன் கையில் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிவது மரியாதைக்காக மட்டுமல்ல. மூன்று வருடம் கழித்து வேறு ஊரில் எடுப்பவருக்கு அதுவே முதல் தடயம்.

எடுக்கும்போது, தோள்பக்க முனையை அழுத்தினால் முழங்கைப்பக்க முனை மேலெழும். அந்த முனைக்கு அடியில் கொஞ்சம் லிக்னோகெயின். மேலே போட்டால் வீங்கி முனை மறைந்துவிடும். இரண்டு மில்லிமீட்டர் கீறல் போதும். கைக்குத் தட்டுப்படாத குச்சிக்குக் கீறவே கூடாது. பேரியம் கலந்திருப்பதால் எக்ஸ்-ரேயில் தெரியும். உயர் அதிர்வெண் லீனியர் ப்ரோப் இருந்தால் அல்ட்ராசவுண்டிலும் பார்க்கலாம். ஆழத்தில் இருந்தால் கைதேர்ந்தவரிடம் அனுப்புங்கள். தேடித் தேடிக் கீறி நரம்பைக் கெடுத்த சம்பவங்கள் உலகெங்கும் பதிவாகியிருக்கின்றன.

அடுத்தது ரத்தப்போக்கு. பெண்கள் குச்சியை எடுக்கச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். பதினோரு ஆய்வுகளைத் தொகுத்த ஒரு பகுப்பாய்வில், தொண்ணூறு நாள் கணக்கில் 22 சதவீதம் மாதவிடாயே இல்லை. 34 சதவீதம் எப்போதாவது. சுமார் 7 சதவீதம் அடிக்கடி. 18 சதவீதம் நாள்கணக்கில் நீடித்தது. 11 சதவீதம் பேர் இந்தக் காரணத்துக்காகவே எடுத்துவிட்டார்கள். மருத்துவ மொழியில் இதை 'ஆபத்தில்லாத பக்கவிளைவு' என்கிறோம். வீட்டு மொழியில் அதற்கு வேறு அர்த்தம். பொட்டுப் பொட்டாகப் பதினைந்து நாள் பட்டுக்கொண்டிருந்தால் பூஜையறைக்குள் போக முடியாது. ஹைதராபாத் பழைய நகரத்துப் பெண் தொழுகைக்கும் நோன்புக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். ரகசியமாக வைத்துக்கொண்டவளுக்கு மாமியாரின் கேள்விகள். தெலங்கானாவில் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள், தமிழ்நாட்டிலும் அப்படியே. "ஒண்ணும் ஆகாது" என்பது இவர்களுக்கு ஆலோசனையல்ல.

முன்கூட்டியே சொன்னால் பொறுத்துக்கொள்பவர்கள் அதிகம். முதல் மூன்று மாதம் மோசமாக இருந்தவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறகு சீராகிறது என்பதையும் சொல்லலாம். மெஃபனாமிக் அமிலம் சில நாள், தடை இல்லாதவர்களுக்குக் கூட்டு மாத்திரை ஒரு சுற்று, ஹீமோகுளோபின் பார்த்து இரும்புச்சத்து. இதெல்லாம் தந்த பிறகும் "எடுங்கள்" என்றால் அன்றைக்கே எடுக்க வேண்டும். ஆலோசனை என்ற பெயரில் மூன்று முறை அலைய விடுவதும் மறுப்புதான்.

யாருக்குத் தரக்கூடாது என்ற பட்டியலைப் பெரும்பாலும் எல்லோரும் அறிவீர்கள்: மார்பகப் புற்றுநோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு, கடுமையான கல்லீரல் நோய். நம் நாட்டில் விட்டுப்போவது காசநோய். ரிஃபாம்பிசின் இந்த ஹார்மோனை விரைவாகச் சிதைத்துவிடும். குச்சியோடு காசநோய் சிகிச்சை தொடங்குபவளுக்குச் சிகிச்சைக் காலம் முழுதும், அதன்பின் நான்கு வாரமும், ஆணுறையோ காப்பர்-டியோ வேண்டும். ஃபெனிடாயின், கார்பமசெபின் எடுக்கும் வலிப்பு நோயாளிகளுக்கும் இதே எச்சரிக்கை. காசநோய்ப் பிரிவும் குடும்பநலப் பிரிவும் ஒரே கட்டடத்தில் இருந்தும் ஒன்றின் அட்டையை மற்றொன்று பார்ப்பதில்லை.

சம்மதம் பற்றி ஒரு வார்த்தை. பிரசவ மேசையில் வலியோடு படுத்திருப்பவளிடம் கேட்டது சம்மதமாகாது. கேட்காமலே காப்பர்-டி வைத்துவிட்டார்கள் என்ற புகார்கள் தமிழ்நாட்டிலும் எழுந்ததுண்டு. குச்சிக்கும் அதே ஆசை வரும், ஏனெனில் பிரசவம் முடிந்து போகும் முன்பே வைத்துவிட்டால் எண்ணிக்கை ஏறும். கர்ப்ப காலப் பரிசோதனைகளிலேயே பேசுங்கள். காப்பர்-டி, மாத்திரை, ஊசி, கணவருக்கான ஆபரேஷன் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கணவருக்கானது என்றவுடன் சிரிக்காமல் சொல்லுங்கள். இந்தியாவில் ஆண் ஆபரேஷன் 0.3 சதவீதத்தில் நிற்பதில் நம் சிரிப்புக்கும் பங்கு உண்டு.

மாவட்ட அளவில் இரண்டைக் கேட்கிறோம். மாதாந்தர அறிக்கையில் 'வைத்தது' என்ற பத்திக்குப் பக்கத்தில் 'எடுத்தது', 'எடுக்கக் கேட்டும் எடுக்காதது' என்ற இரண்டு பத்திகள் வேண்டும். எடுத்த எண்ணிக்கை கூடினால் அந்த நிலையத்தைக் கண்டிக்கக் கூடாது. ஒரு வருடமாகியும் பூஜ்யமாகவே இருந்தால்தான் விசாரிக்க வேண்டும். இரண்டாவது, வைத்த தேதி, எந்தக் கை, எடுக்க வேண்டிய தேதி ஆகியவை அவள் மொழியில் எழுதிய அட்டை, எந்த மாநிலத்து அரசு மருத்துவமனையும் ஏற்கும்படி. செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வருகிறவள், தெலங்கானாவின் பாலமூரிலிருந்து ஹைதராபாத்துக்குக் கட்டட வேலைக்கு வருகிறவள், இவர்களெல்லாம் வைத்த இடத்துக்கே திரும்பிப் போய்த்தான் எடுக்க வேண்டும் என்றால் அது இல்லையென்று சொல்வதற்குச் சமம்.

தனியார் மருத்துவர்களுக்கும் இது பொருந்தும். நீங்கள் வைக்காத குச்சியையும் எடுத்துக்கொடுங்கள். உங்கள் நிலையத்துக்குக் குச்சிகள் வந்து சேர்ந்து, எடுக்கும் பயிற்சி இன்னும் வரவில்லை என்றால், பயிற்சி முடியும்வரை பெட்டியைப் பிரிக்க மாட்டோம் என்று மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.