தேய்மானம் உண்டு!

‘எங்கேயாவது ஒரு கிராமத்துல போய் செட்டிலாகிடணும் சார்’ என்று மாதம் ஒரு தடவையாவது சொல்லாத ஆபீஸ் ஆசாமி கிடையாது. (சம்பளத் தேதியில் மட்டும் சொல்ல மாட்டார்.) அப்படிப்பட்டவர்களுக்கு நான் சிபாரிசு செய்யும் ஊர், கொல்லம் பக்கத்து மன்றோ துருத்து. கல்லடா ஆறு அஷ்டமுடிக் காயலில் போய்ச் சேரும் இடத்தில் 8 குட்டித் தீவுகள். கொல்லத்தில் பாசஞ்சர் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன்.

மன்றோ என்றதும் சென்னை தீவுத்திடலில் சேணமில்லாத குதிரைமேல் உட்கார்ந்திருப்பவரை நினைக்காதீர்கள். அவர் தாமஸ். இவர் ஜான். திருவிதாங்கூரில் ரெசிடெண்ட்; 1811 முதல் 1814 வரை திவானும் அவரே. அவருக்குக் குதிரை, இவருக்குத் தீவு.

காலை 6 மணிக்கு வள்ளத்தில் ஏறினேன். மோட்டார் கிடையாது, மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுகிறார் சேட்டன். தெருவுக்குப் பதில் வாய்க்கால். நடைபாலங்கள் வருகிறபோதெல்லாம், ‘தலை, தலை!’ என்கிறார். மேனேஜர் ரூமுக்குப் போய்ப் பழகிய தலை, தானாகவே குனிந்தது. இருபக்கமும் தென்னை, மீன்கொத்தி, இறால் வளர்க்கும் நீர்வயல், கயிறு திரிக்க ஊறப்போட்ட மட்டையின் வாசனை (வாசனை என்பது மரியாதைக்கு). மத்தியானம் கப்பக்கிழங்கும் மீன் குழம்பும். இரண்டு தட்டு போனது தெரியவில்லை.

நடுவே ஒரு வீட்டைப் பார்த்தேன். சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர்க் கோடு. வாசலில் பூட்டு. அடுத்த வீடும் அப்படியே.

பி.காமில் எங்கள் புரொபசர் தலையில் குட்டாத குறையாகச் சொல்லித் தந்தது: கட்டடத்துக்குத் தேய்மானம் உண்டு, மெஷினுக்கு உண்டு, நாற்காலிக்குக்கூட உண்டு, நிலத்துக்குக் கிடையாது. அவரை இந்த வள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும். இங்கே நிலமே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் உருவான தீவு இது. வருஷா வருஷம் வெள்ளம் வரும், புது மண் தரும். தென்மலையில் அணை கட்டியதும் வண்டல் அங்கேயே நின்றுவிட்டது. வரவு நின்றுபோன கணக்கு. செலவு மட்டும் நிற்கவில்லை. ஓதம் ஏறும்போதெல்லாம் உப்புத்தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. 2004 சுனாமிக்குப் பிறகுதான் மோசம் என்கிறார்கள் ஊர்க்காரர்கள்.

‘விட்டுட்டுப் போயிடலாமே சேட்டா?’ என்றேன்.

‘போகலாம் சாரே. இதை வித்தாத்தானே வேற இடம் வாங்கணும்? யார் வாங்குவா? நீங்க வாங்குவீங்களா?’

நான் மீன்கொத்தியைப் பார்த்தேன்.

அவர் வீட்டில் டீ கொடுத்தார்கள். கட்டிலின் நாலு காலுக்கும் கீழே மும்மூன்று செங்கல். போன வருஷம் இரண்டுதானாம். பையன் கொல்லத்தில் வாடகைக்கு இருக்கிறான்; கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறார்கள். ‘வீட்டைப் பார்க்க வர்றோம்னு பெண் வீட்டுக்காரங்க சொன்னா, ஓதம் இறங்குற நேரம் பார்த்துத்தான் வரச் சொல்லணும்’ என்று சிரித்தார் சேச்சி.

சிரித்துக்கொண்டே வாசல்படியை எட்டிப் பார்த்தார். கீழ்ப்படி அதற்குள் நனைந்திருந்தது.

‘டீ ஆறுது, குடிங்க’ என்றார்.