யார் படமும் ஒட்டப்படாத காற்றாலைகள்

தமிழ்நாட்டில் ஆட்சி மாறினால் என்னென்ன மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2011இல் ஓமந்தூரார் தோட்டத்துப் புதிய தலைமைச் செயலகம் கைவிடப்பட்டது. பிறகு அது பன்னோக்கு மருத்துவமனை ஆனது. அதே ஆண்டு சமச்சீர்க் கல்வியை நிறுத்திவைக்க நடந்த முயற்சி உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கும் அறிவிப்பை உயர் நீதிமன்றம் தடுத்தது. முந்தைய ஆட்சியின் தடத்தை அழிப்பதே புதிய ஆட்சியின் முதல் வேலை என்ற வழக்கம் இங்கே அரை நூற்றாண்டாக வேரோடியிருக்கிறது.

அந்த வழக்கத்துக்குத் தப்பிய பெரிய காரியம் ஒன்று உண்டு. நாகர்கோவிலிலிருந்து நெல்லைக்குப் பேருந்தில் போகிறவர்கள் ஆரல்வாய்மொழியைத் தாண்டியதும் அதைப் பார்க்கலாம். முப்பந்தலில் தொடங்கி, கயத்தாறு, உடுமலை, பல்லடம், தேனி என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே காற்று இறங்கும் இடமெல்லாம் நிற்கும் காற்றாலைகள்தான் அது. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் இயந்திரங்களோடு தொடங்கிய இந்த வேலை, இன்று மாநிலம் முழுதும் 11,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. இடையில் எம்.ஜி.ஆர். போனார், கருணாநிதி வந்தார், ஜெயலலிதா வந்தார், பிறகும் அந்த இருவரே மாறிமாறி வந்தார்கள், ஜெயலலிதாவுக்குப் பின் பன்னீர்செல்வம், பழனிசாமி, ஸ்டாலின். முந்தைய ஆட்சியின் காற்றாலைக் கொள்கை என்பதற்காக யாரும் அதைக் கிழித்துப் போடவில்லை.

ஏன் போடவில்லை என்ற கேள்வியை நாம் போதிய அளவு கேட்டதில்லை. பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ள அரசியல் ஒற்றுமை வேண்டும் என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். அப்படியோர் ஒற்றுமை, யாரும் அழைப்பு விடுக்காமலே, இந்தியாவிலேயே கடுமையான கட்சிப் பகை நிலவிய ஒரு மாநிலத்தில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறது. அது எப்படி நடந்தது, எங்கே வந்து முட்டி நின்றது என்பதைப் பார்ப்பது, வெளிநாட்டு மாநாட்டுத் தீர்மானங்களைப் படிப்பதைவிடப் பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

கதை ஒரு விஞ்ஞானியிடமிருந்து தொடங்குகிறது. பீர்மேட்டில் 1918இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த அன்னா மணி, இந்திய வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக இருந்து 1976இல் ஓய்வுபெற்றார். வெயிலும் காற்றும் இந்த நாட்டில் எங்கே, எப்போது, எவ்வளவு கிடைக்கின்றன என்பதை அளந்து எழுதிவைப்பதைத் தன் வாழ்க்கைப் பணியாகவே கொண்டிருந்தார். 1980களின் தொடக்கத்தில் வெளிவந்த அவருடைய கதிரவக் கதிர்வீச்சுத் தொகுப்பும் காற்றுத் தரவுத் தொகுப்பும், பின்னால் வந்த பொறியாளர்களுக்கு அடிப்படை நூல்களாக அமைந்தன. எந்தக் கட்சிக்காகவும் அளக்கப்படாத அளவுகள் அவை. அதனால் எந்தக் கட்சியும் அவற்றை மறுக்க வேண்டிய தேவை வரவில்லை. பொது உடன்பாட்டுக்கு முதலில் வேண்டியது இப்படிப்பட்ட நம்பகமான கணக்கு. அன்னா மணியின் பெயரைத் தமிழ்நாட்டில் ஒரு காற்றாலைப் பூங்காவுக்காவது வைத்திருக்கலாம்.

அளவுகள் மட்டும் காற்றாலையை எழுப்பிவிடாது. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் கோவை, திருப்பூர், ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளுக்கு மின்வெட்டு பெரிய தலைவலி. மின்சாரம் நின்றால் கதிர் நிற்கும். கதிர் நின்றால் கூலி நிற்கும். மத்திய அரசு, காற்றாலையில் போட்ட முதலை முதலாண்டிலேயே முழுத் தேய்மானமாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள அனுமதித்தது. மாநில மின்வாரியம் இன்னொரு கதவைத் திறந்தது. முப்பந்தலில் உற்பத்தியாகும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியே கொண்டுபோய்ப் பல்லடத்து மில்லில் எடுத்துக்கொள்ளலாம். ஆடிக்காற்றில் மிஞ்சுவதை வாரியத்திடம் கணக்கில் விட்டுவைத்து, காற்று ஓய்ந்த மாதங்களில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மில்காரர்கள் இன்றும் ‘பேங்கிங்’ என்று சொல்வது இதைத்தான். இந்த இரண்டு ஏற்பாடும் சேர்ந்தே தொண்ணூறுகளின் நடுவில் நாட்டின் காற்றாலைத் திறனில் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தன. டென்மார்க் அரசின் உதவியில் கயத்தாறில் நடந்த தொடக்க முயற்சியையும் இங்கே நன்றியோடு நினைக்க வேண்டும்.

புவி வெப்பமாதல் என்ற சொல் இதில் எங்குமே இல்லை. மில்காரருக்கு மின்சாரம் வேண்டியிருந்தது, வாரியத்துக்குப் பற்றாக்குறையைச் சமாளிக்க வேண்டியிருந்தது, வானம் பார்த்த கரிசல் காட்டுக்காரருக்கு நிலத்தை விற்றோ குத்தகைக்கு விட்டோ கொஞ்சம் பணம் பார்க்க வேண்டியிருந்தது. இந்த மூவரும் எல்லாக் கட்சியிலும் இருந்தார்கள். அதோடு இன்னொன்றும் உண்டு, அதை முக்கியமானதாகவே கருதுகிறேன்: காற்றாலையில் யார் படமும் ஒட்டப்படவில்லை. தொலைக்காட்சிப் பெட்டிக்கும் மிதிவண்டிக்கும் மடிக்கணினிக்கும் உரிமையாளராக ஒரு தலைவர் இருந்தார். காற்றாலைக்கு அப்படி யாரும் இல்லை. பெருமை எடுத்துக்கொள்ள ஆள் இல்லாததால் பழி தீர்க்கவும் ஆள் இல்லாமல் போயிற்று.

டெல்லியிலும் இதே போன்ற ஒரு தொடர்ச்சி இருந்ததைச் சொல்ல வேண்டும். புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கெனத் தனி அமைச்சகம் 1992இல் நரசிம்ம ராவ் காலத்தில் வந்தது. மன்மோகன் சிங் அரசு 2010இல் நேருவின் பெயரில் தேசிய சூரியசக்தி இயக்கத்தைத் தொடங்கி, 2022க்குள் 20,000 மெகாவாட் என்று இலக்கு வைத்தது. நேருவின் பெயரோடு எல்லா வகையிலும் மோதுகிற மோடி அரசு, 2015இல் அந்த இலக்கைக் கைவிடவில்லை, ஒரு லட்சம் மெகாவாட்டாக உயர்த்தியது. அரசியலில் இது அரிதான பெருந்தன்மை. காற்றாலைக்கான தேய்மானச் சலுகை 2012இல் குறைக்கப்பட்டு 2014இல் திரும்ப வந்ததுபோன்ற தடுமாற்றங்கள் உண்டு, பாதை மாறவில்லை.

தமிழ்நாட்டுக் கட்சிகள் வெளிப்படையாகவே ஒன்றுசேர்கிற தருணங்களும் இருக்கின்றன. 2023 ஏப்ரலில் காவிரிப் படுகையின் சில பகுதிகள் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தபோது, ஆளும் தி.மு.க.வும் எதிர்க்கட்சியான அ.தி.மு.க.வும் மட்டுமல்ல, பா.ஜ.க.வும் சட்டமன்றத்தில் எதிர்த்தது. சில நாட்களில் மத்திய அமைச்சகம் அப்பகுதிகளை ஏலத்திலிருந்து நீக்கியது. 2024 டிசம்பரில் மதுரை அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிரான தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அடுத்த மாதம் அந்த ஏலமும் ரத்தானது. காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020 சட்டம் அ.தி.மு.க. ஆட்சியில் வந்தது, அடுத்து வந்த தி.மு.க. அதைக் கலைக்கவில்லை. மண்ணையும் மலையையும் தொட்டால் தமிழ்நாடு ஒரே குரலில் ‘வேண்டாம்’ என்கிறது. அது நம் அரசியலின் மிகச் சிறந்த முகங்களில் ஒன்று.

ஆனால் ‘வேண்டாம்’ என்பதற்குச் செலவில்லை. மாற்று மின்சாரம் வேண்டும் என்றால் அதற்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்வி வரும். நம் ஒற்றுமை முட்டி நிற்கும் இடம் அதுதான்.

வரலாறு இங்கே கசப்பாகவே இருக்கிறது. சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் எம்.ஜி.ஆர். காலத்தில் வந்தது, கருணாநிதி எல்லா விவசாயிகளுக்கும் விரித்தார். 2003இல் ஜெயலலிதா அதை நிறுத்தினார். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் அவருடைய கூட்டணி இழந்தது. அந்த மே மாதமே இலவச மின்சாரம் திரும்ப வந்தது. தோல்விக்குக் காரணங்கள் பல. ஆனால் அன்றுமுதல் எந்தக் கட்சியும் மின்கட்டணத்தைப் பற்றி உண்மை பேசத் துணியவில்லை. 2014இல் அ.தி.மு.க. ஆட்சியில் கட்டணம் உயர்ந்தபோது தி.மு.க. கண்டித்தது. அடுத்த உயர்வு எட்டாண்டுகள் கழித்து 2022இல் தி.மு.க. ஆட்சியில் வந்தபோது அ.தி.மு.க. ஆர்ப்பாட்டம் நடத்தியது. இடைப்பட்ட காலத்தில் மின்வாரியத்தின் கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது.

உழவருக்கும் ஏழை வீட்டுக்கும் மின்சாரம் மலிவாகக் கிடைக்கத்தான் வேண்டும். அந்தச் செலவை அரசுக் கருவூலம் முழுமையாகவும் உரிய காலத்திலும் ஏற்றிருந்தால் வாரியம் தள்ளாடியிருக்காது. தள்ளாடிய வாரியம் காற்றாலைக்காரருக்குப் பல மாதங்கள் பணம் தராமல் இழுத்தடித்தது. புதிய மின்பாதை போடத் தயங்கியது. காற்று அடிக்கும் மாதங்களில் மின்சாரத்தை வாங்காமல் இயந்திரங்களை நிறுத்தச் சொன்னது. 2012இல் மாவட்டங்களில் மக்கள் நாளில் பெரும்பகுதி இருட்டில் இருந்த அதே ஆண்டில், தென்கோடியில் உற்பத்தியாகும் காற்று மின்சாரத்தைக் கொண்டுவரப் போதிய கம்பி இல்லை. தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு ஒன்றாக இணைந்ததே 2013 டிசம்பர் 31 அன்றுதான். பல்லாண்டுகள் முதலிடத்தில் இருந்த தமிழ்நாட்டைக் காற்றாலையில் குஜராத் முந்திச் சென்றதற்கு அங்கே காற்று கூடுதலாக அடித்தது காரணமல்ல.

பேசாமல் கிடைத்த உடன்பாட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. அது நல்லதையும் கெட்டதையும் ஒரேபோலத் தொடரவைக்கும். வடசென்னை அனல் மின்நிலையத்தின் மூன்றாம் கட்டம், 800 மெகாவாட், அ.தி.மு.க. ஆட்சியில் கட்டத் தொடங்கி 2024 மார்ச்சில் தி.மு.க. ஆட்சியில் திறக்கப்பட்டது. அதுவும் கட்சி கடந்த ஒற்றுமைதான். அந்த மின்நிலையத்தின் சாம்பலை எண்ணூர்க் கழிமுகத்தின் மீனவர்கள் சுமக்கிறார்கள். முப்பந்தலுக்கு அருகிலேயே இருக்கும் கூடங்குளத்தில், 2011 செப்டம்பரில் மக்கள் அச்சம் தீரும்வரை அணு உலைப் பணியை நிறுத்தும்படி தீர்மானம் போட்ட மாநில அமைச்சரவை, சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த மறுநாள், 2012 மார்ச் 19 அன்று பச்சைக்கொடி காட்டியது. பெரிய கட்சிகள் ஒரே பக்கம் நின்றன. அணு உலைக்குப் பக்கத்து ஊரான இடிந்தகரை மக்கள் எதிர்ப்பக்கம் தனித்து நின்றார்கள். கட்சிகளின் உடன்பாடு மக்களின் உடன்பாடாகிவிடாது. சூரியசக்திப் பண்ணைகளுக்காகப் பனைகள் வெட்டப்படுவதாகத் தென்மாவட்டங்களில் எழும் புகார்களையும் மேய்ச்சல் நிலம் போய்விடும் என்ற, ஆடு மேய்க்கும் கீதாரிகளின் கவலையையும் தூய்மையான மின்சாரம் என்ற பெயரால் ஒதுக்கித் தள்ளிவிட முடியாது.

உடன்பாட்டைப் பேசி, எழுதி, கையெழுத்திட்டு வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடியில் கடுமையாக அடிபட்ட டென்மார்க், எரிசக்தியைக் கட்சிகளுக்கிடையிலான ஒப்பந்தமாகவே நடத்துகிறது. கையெழுத்திட்ட கட்சி நாளை ஆட்சிக்கு வந்தாலும், மற்றக் கட்சிகள் சம்மதிக்காமல் ஒப்பந்தத்தை மாற்றுவதில்லை என்பது அங்கே மரபு. 2012இல் அப்படியோர் ஒப்பந்தத்துக்கு 179 உறுப்பினர்களில் 171 பேரின் ஆதரவு இருந்தது. எவ்வளவு காற்றாலை, எவ்வளவு செலவு, யார் கட்டணத்தில் எவ்வளவு ஏறும் என்பதெல்லாம் அந்தத் தாள்களில் உண்டு. பிரிட்டனின் 2008 பருவநிலைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த நாடு 2024 செப்டம்பரில் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடியது. ஆனால் மின்கட்டணச் சுமை கூடியபோது அங்கும் ஒற்றுமை உடைந்தது: அன்று அச்சட்டத்தை ஆதரித்த கன்சர்வேட்டிவ் கட்சி, ஆட்சிக்கு வந்தால் அதை ரத்து செய்வோம் என்று 2025 அக்டோபரில் அறிவித்தது. சட்டம் இருந்தும் செலவைப் பற்றிய உடன்பாடு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது கண்ணெதிரே நிற்கும் எச்சரிக்கை.

தமிழ்நாட்டுக்கு இதற்கான மரபு இல்லாமல் இல்லை. காவிரிக்கும் நீட் தேர்வுக்கும் அனைத்துக் கட்சிக் கூட்டம் கூட்டத் தெரிந்த மாநிலம் இது. அந்த மேசையில் மின்வாரியத்தின் கணக்கு வைக்கப்பட வேண்டும். இலவச மின்சாரத்துக்கான தொகையை எந்த ஆட்சியும் பாக்கி வைக்காது என்று எல்லாக் கட்சியும் எழுதித் தர வேண்டும். கட்டணம் எட்டாண்டுகள் உறங்கிவிட்டு ஒரேயடியாக எழும் வழக்கத்தை நிறுத்த, ஆண்டுதோறும் சிறு அளவில் திருத்தும் முறையை ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்தே அறிவிக்க வேண்டும். எந்த அனல் மின்நிலையம் எந்த ஆண்டு மூடப்படும், அங்கே வேலைபார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எங்கே போவார்கள் என்பதும் அதே தாளில் வர வேண்டும்.

முதல் பொருளாக எடுத்துக்கொள்ள ஒன்று தயாராகவே இருக்கிறது. மாநிலத்தின் மிகச் சிறந்த காற்று வீசும் முப்பந்தல் நிலத்தை, முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய சிறு இயந்திரங்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இன்றைய ஓர் இயந்திரம் அவற்றில் பத்துக்கும் மேற்பட்டவற்றின் திறன் கொண்டது. அவற்றை மாற்றுவதற்காக 2024இல் அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. விதிக்கப்பட்ட கட்டணங்களையும், பழைய ‘பேங்கிங்’ உரிமை பறிபோகும் என்பதையும் ஏற்காமல் காற்றாலை உரிமையாளர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வாரியத்தின் நட்டம் ஒரு பக்கம், நம்பி முதல் போட்ட மில்காரர்களின் உரிமை மறுபக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இதை நீதிபதிகளிடம் விட்டுவிடாமல், இரு ஆட்சிகளிலும் மின்துறையைக் கவனித்தவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து, வாரியப் பொறியாளர்களையும் மில்காரர்களையும் அந்த ஊர்களின் ஊராட்சித் தலைவர்களையும் அழைத்துவைத்துப் பேசி முடிக்கலாம்.