ஆர்டினி அடிமையா, நண்பனா?

ஊரிலிருந்து திருவனந்தபுரம் வந்த தம்பி, பழைய லயன் காமிக்ஸ்களையும் தூக்கிட்டு வந்தான். வழக்கம்போல சண்டை. ஸ்பைடருக்கு ஆர்டினியும் பெல்ஹாமும் வெறும் அடிமைகளாம். அப்போ ஸ்பைடர் திருந்தின பிறகும் ஏன் கூடவே இருந்தாங்க?

"1965-ல் இங்கிலாந்தில் டெட் கோவன் ஆரம்பிச்ச கதை. அப்புறம் சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகல் எழுதினார். ஆள் மாறினா கதையும் மாறும்" என்றான்.

இருக்கட்டுமே. எழுதினது யார்னு தெரியாமலே சிவகாசி புத்தகத்தைப் படிச்சவன் நான். எனக்குப் பக்கத்தில் இருப்பதுதான் கணக்கு. விசுவாசம் அங்கே இருக்கு. (பெட்டகம் உடைக்கிற ஆர்டினிக்கு பேங்க் ஆபீசர் வக்காலத்து... ஹி ஹி!)

மலையாளம் மட்டும் படிக்கத் தெரிந்த மகனுக்கு வாசிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டுட்டு, "அவங்களுக்கு ஸ்பைடர் சம்பளம் கொடுத்தாராப்பா?" என்றான்.

நாங்க ரெண்டு பேருமே இதை யோசிச்சதில்லை.