ஓடும்போதே பார்ப்பது

மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர்கள் இப்போது கடையில் "எல்எஃப்பி பேட்டரியா?" என்று கேட்கிறார்கள். லித்தியத்தோடு இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்தது அது. கோபால்ட் வேண்டாம், நிக்கல் வேண்டாம். சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் அது எப்படி அத்தனை வேகமாக சார்ஜ் ஆகிறது என்பது, அதைப் படைத்தவர்களுக்கே பல ஆண்டுகள் பிடிபடவில்லை.

1997இல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃப் குழு இந்தப் பொருளை அறிவித்தபோது, குறைந்த மின்திறன் போதுமான இடங்களுக்குத்தான் இது சரிப்படும் என்று நினைத்தார்கள். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் இதைவிட்டு வெளியேறுகிறது. லித்தியம் உள்ள பகுதி, போய்விட்ட பகுதி என்று ஒவ்வொரு துகளும் இரண்டாகப் பிரிய வேண்டும். இரண்டுக்கும் கன அளவில் ஏறக்குறைய 7 சதவீதம் வித்தியாசம். இவ்வளவு இறுக்கத்தோடு நடுவிலுள்ள எல்லை நகர வேண்டுமென்றால் மெதுவாகத்தான் நகரும். ஆனால் பொருளை நானோ அளவில் பொடியாக்கி, கார்பன் பூசிக் கொடுத்தால் சில நிமிடங்களிலேயே சார்ஜ் ஏறியது.

காரணம் தேடிய ஆய்வாளர்கள் பாதி சார்ஜில் பேட்டரியை நிறுத்தினார்கள். ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள் வைத்துப் பிரித்தார்கள். உள்ளிருந்ததைச் சுரண்டி எடுத்து எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்தால், அதே இரண்டு பகுதிகள்தான். 2011இல் கெர்பிராண்ட் செடர் குழு, சிறு துகளிலிருந்து லித்தியம் இப்படிப் பிரியாமலே வெளியேற வழி உண்டு என்று கணக்குப் போட்டுச் சொன்னது. அந்த வழியைப் பார்த்தவர்தான் யாரும் இல்லை.

2014இல் பார்த்துவிட்டார்கள். கேம்பிரிட்ஜின் கிளேர் கிரே, ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் கரீனா சாப்மன், பீட்டர் சுபாஸ் ஆகியோர் இருந்த குழு அது. சிகாகோவுக்குப் பக்கத்தில் 1104 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலெக்ட்ரான்களைச் சுழலவிட்டு எக்ஸ்ரே எடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த எக்ஸ்ரே கற்றையின் வழியில் பேட்டரியை வைத்து, ஆறு நிமிடத்தில் முழு சார்ஜ் ஏறும் வேகத்தில் மின்சாரம் கொடுத்தபடியே படம் எடுத்தார்கள். இரண்டு பகுதிகளுக்கும் இடைப்பட்ட அத்தனை நிலைகளும் தொடர்ச்சியாகத் தெரிந்தன. மின்சாரம் ஓடும்வரைதான் அவை இருக்கும். நிறுத்தினால் துகள்கள் பழையபடி இரண்டு பகுதிகளாகவே அடங்கிவிடும். நிறுத்திப் பிரித்துப் பார்த்தவர்களின் கவனத்தில் குறையே இல்லை. அவர்கள் தேடியது, பெட்டியைத் திறப்பதற்குள் மறைந்து போயிருந்தது.

அந்த ஆய்வில் நான் அதிகம் மதிப்பது சோதனைக்கலத்தைத்தான். எக்ஸ்ரே உள்ளே போய் வெளியே வர ஜன்னல் வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக்கை வைத்தால் அந்த இடத்தில் மட்டும் அழுத்தம் குறையும்; அழுத்தம் குறைந்தால் வினையும் பின்தங்கும். எந்த இடத்தைப் பார்க்கிறோமோ அந்த இடமே மற்ற பகுதியைப் போல நடந்துகொள்ளாது. அதனால் ஆர்கான் ஆய்வகத்தில் கண்ணாடி போன்ற விறைப்பான கார்பனில் ஜன்னல் செய்தார்கள். அது எக்ஸ்ரேயையும் விடும், மின்சாரத்தையும் கடத்தும், வளையவும் வளையாது. ஓடும் பொருளைப் பார்க்கிறேன் என்று சொல்லும் யாரும், பார்ப்பதற்காகச் செய்த ஏற்பாடு அதன் ஓட்டத்தைக் கெடுக்கவில்லை என்று முதலில் காட்டியாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் இவ்வளவு பெரிய வளையம் வேண்டும் என்பதில்லை. பேட்டரியின் எதிர்முனையில் இருக்கும் கிராஃபைட்டுக்குள் லித்தியம் நுழைய நுழைய அதன் நிறம் மாறும்: சாம்பல் கறுப்பு நீலமாகும், பிறகு சிவப்பு, நிரம்பியதும் பொன்னிறம். 2010இல் ஸ்டீபன் ஹாரிஸ் குழு ஜன்னல் வைத்த கலத்தைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அந்தப் பொன்னிறம் பரவுவதை அப்படியே படம் பிடித்தது.

தீ விஷயத்தில்தான் இந்தப் பார்வை மிகவும் அவசரமானது. எரிந்து தீர்ந்த பேட்டரியில் சாம்பலும் உருகிய செம்பும்தான் மிஞ்சும். எது முதலில் நடந்தது என்று அதிலிருந்து சொல்வது கடினம். 2015இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் குழு, பிரான்சின் கிரெனோபிளில் 18650 பேட்டரிகளைச் சூடேற்றி, அவை வெடிக்கும்போதே உள்ளே எக்ஸ்ரேயால் படம் எடுத்தது. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த உருளைக்குள் வாயு பெருகி அடுக்குகளைப் பிரிப்பது தெரிந்தது. ஒரு பேட்டரியின் நடுவில் சிறு உலோகக் குழாய் இருந்தது, இன்னொன்றில் இல்லை. குழாய் இல்லாததில் சுருட்டி வைத்த அடுக்குகள் நடுப்பக்கமாகச் சரிந்து விழுந்தன.

இங்கே இந்தியாவில் 2022இல் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்த பிறகு பேட்டரிச் சோதனை விதிகளைக் கடுமையாக்கினார்கள். தேவையான காரியம். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்தூரில் இதுபோல எக்ஸ்ரே தரும் இண்டஸ்-2 வளையம் இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் பேட்டரி அறிந்தவர்கள் இருக்கிறார்கள். நம் மே மாத வெயிலில் வண்டியை ஓட்டிவந்து, சூடு ஆறுமுன் சார்ஜில் போடுகிறோம். அந்தச் சூட்டில், அந்த வேகத்தில், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே நம் பேட்டரிகளுக்குள் பார்க்கும் ஆய்வுக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். எடுக்கும் படங்களை வண்டி தயாரிப்பவர்கள் மட்டுமல்ல, வாங்குகிறவர்களும் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.